கல்யாண வண்டியில் கறுப்பு

“கல்யாண வண்டியில கறுப்பு இருக்கலாமாடி?”

முதலாளியின் பெண்டாட்டி பெரியம்மாள் என்னிடம் இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஓர் உருண்டை புளி இருந்தது. பதில் எனக்குத் தெரியும். அந்தக் கறுப்பு ஏன் இருக்கிறது, அதை எடுத்தால் என்ன ஆகும் என்பது பங்களாவில் அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கப்பாவின் வலது கையே அந்தப் பதிலில்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு புளியை வாங்கிக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒரு நாள் என் முதுகில் அவருடைய பிரம்பு ஒடிந்தது. அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கப்பா மொக்கையன், ஒச்சப்பன் முதலாளியின் வண்டிக்காரர். போடியிலிருந்து முந்தலைத் தாண்டி மலைச்சரிவில் ஏறினால் முதலாளியின் ஏலத்தோட்டம் வரும். அங்கே பங்களா அடுப்படியில் பாத்திரம் விளக்குவது என் சோலி. ஆத்தா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எங்கப்பாவும் அவருக்கு நானும்தான்.

தோட்டத்தை முதலில் வைத்திருந்த துரை, கப்பலேறிப் போனபோது ஒரு நாலு சக்கர வண்டியை விட்டுவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷப் பழசு. தோல் மெத்தை, கண்ணாடிக் கதவு, இரண்டு காளை பூட்டுகிற நுகம். ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் புகையிலும் சாரலிலும் நின்று நின்று அதன் இரும்பெல்லாம் துருவேறிக் கிடந்தது. ஆணியைத் தொட்டால் செதில் செதிலாக உதிரும். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், மகள் அந்த வண்டியில்தான் போடிக்கு இறங்க வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். ஜக்கையன் ஆசாரி பங்களா முற்றத்திலேயே உலை போட்டார். பழைய ஆணிகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஆணி போட வேண்டும். எந்த ஆணி என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

பெரியம்மாளின் தம்பி சின்னச்சாமி மதுரைக்குப் போய் ஒரு சாக்கு நிறையப் பித்தளை மரையாணி வாங்கி வந்திருந்தான். கூடவே ஒரு பெட்டி துத்தநாகம் பூசின சீமை ஆணி.

“மச்சான், பித்தளைதான். துருவே ஏறாது. வெயில் பட்டா போடி வரைக்கும் மின்னணும். ஒச்சப்பன் மக வர்றான்னு ஊரு கண்ணு கூசணும்.”

எங்கப்பா கொட்டகைக் கூரையின் இறவாணத்துக்குப் போனார். சாரல் சொட்டும் இடத்தில், சாக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாளாக ஒரு கயிற்றில் நாலு ஆணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை அவிழ்த்துவந்து முதலாளி முன்னால் வைத்தார். வெறும் இரும்பு சிவந்து ஊறிப் போயிருந்தது. சீமை ஆணியில் மரை பொருந்துவதற்காக அராவிய இடத்தில் மட்டும் துரு. பித்தளை பச்சை பூத்திருந்தது. ஆனால் அதோடு சேர்த்து முடுக்கியிருந்த இரும்பு வளையம் பாதி கரைந்திருந்தது. நாலாவது ஜக்கையன் செய்தது. இரும்பை மங்கின சிவப்பாகக் காய்ச்சி ஆமணக்கெண்ணெயில் போட்டு எடுத்தது. கரிக்கட்டை மாதிரி இருந்தது. ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

“பித்தளையக் கதவுக்குப் போடுங்க, விளக்குக்குப் போடுங்க சின்ன எசமான். பாரம் தாங்குற எடத்துக்கு வேணாம். ஈரத்துல அது பக்கத்துல இருக்குற இரும்பத் தின்னுரும். தானும் நிக்காது.”

“ஏன் நிக்காது?” என்றான் சின்னச்சாமி.

எங்கப்பா ஒரு பித்தளை ஆணியை, ஜக்கையன் இரும்படிக்கும் அடைகல்லில் வைத்தார். ஜக்கையன் சம்மட்டியால் ஒரே ஒரு போடு போட்டார். ஆணி வெண்டைக்காய் மாதிரி வளைந்தது.

“பாருங்க, ஒரு அடிக்கே கும்புடு போடுது” என்றார் ஜக்கையன்.

முதலாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மச்சினனுக்கு ஆகவில்லை. சின்னச்சாமி கையிலிருந்த சாட்டையைத் திருப்பிப் பிடித்துப் பூண் போட்ட அடிக்கட்டையால் எங்கப்பாவின் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. எங்கப்பா ஒரு பல்லை அடைகல் மேல் துப்பினார். நான் அடுப்படி வாசலில் சாம்பல் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“மாப்ளே, போதும் விடு” என்றார் முதலாளி, நாயைக் கூப்பிடுவது போல. பிறகு எங்கப்பாவைப் பார்த்தார். “கறுப்பு ஆணிதானா?”

“ஆமா எசமான். அடியில இருக்குற எல்லாத்துக்கும். பிரேக்குத் திருகுக்கும்.”

“சரி, உன் இஷ்டப்படி போடு. எம் மக ஏறுற வண்டி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கை என்னுது.” அவர் எங்கப்பாவின் வலது கையைத் தொட்டுக் காட்டினார்.

எங்கப்பா அந்தக் கையை அடைகல்லில் தன் ரத்தத்தின் மேலேயே வைத்தார். “வச்சுக்கங்க எசமான்.”

கயிறு பிடித்துப் பிடித்து அந்த உள்ளங்கையில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சின்ன வயதில் அதில் நான் விரலை வைத்துத் தூங்குவேனாம்.

வண்டிக்கு எல்லாம் கறுப்பு ஆணி முடுக்கினார்கள். பின்சக்கரங்களை அழுத்தி நிறுத்துகிற கட்டைகளை இழுப்பது ஒரு முழ நீளத் திருகு. வண்டிக்காரன் பக்கத்தில் அதன் கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றச் சுற்றக் கட்டை சக்கரத்தில் இறுகும். சரிவில் வண்டியைக் காளை நிறுத்தாது, அந்தத் திருகுதான் நிறுத்தும். ஆடி பிறந்ததும் எங்கப்பாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. சிலமலையில் அத்தை வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைக் கூப்பிட்டார். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

“ஆத்தா, அந்தக் கறுப்பு இரும்போட தோலு. உரியாமப் பாத்துக்க. வெள்ளிக்கு வெள்ளி திருகுக்கு எண்ணெய் விடு. வேற ஒண்ணும் வேணாம்.”

முதல் வெள்ளிக்கிழமை எண்ணெய் விட்டேன். இரண்டாவது வெள்ளிக்கு முதல் நாள்தான் பெரியம்மாள் புளியோடு வந்தார்.

“பொண்ணு ஏறுற வண்டி கருமாதிக்குப் போற மாதிரியா இருக்கும்? குத்துவிளக்கு தேய்ப்பேல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு ஆணியும் வெளுக்கணும். அடியில இருக்குறதும்தான். ஒண்ணுல கறுப்பு இருந்துச்சு, அந்தக் கையில சூடு வப்பேன்.”

சூடு வைக்கிறவர்தான். அடுப்படிக்காரி முழங்கையில் தழும்பு உண்டு. ஆனால் நான் பயந்தது சூட்டுக்கு மட்டும் இல்லை. ‘அம்மா, அதைத் தேய்க்கக் கூடாதும்மா.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்க்குள் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். சின்னச்சாமி குதிரில் சாய்ந்து பாக்குக் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, அதுக்கிட்டப் போய்க் கேள்வி கேக்குற? பேருதான் பேச்சி. வாயில ஜக்கையன் ஆணி அடிச்சு வச்சிருக்கான்.”

அடுப்படியே சிரித்தது. எனக்கு வந்த வார்த்தையும் உள்ளே போய்விட்டது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டு நாள் தேய்த்தேன். புளியும் சாம்பலும் தேங்காய் நாரும். புளி பட்டதும் கறுப்பு குழைந்து வழிந்தது. அடியில் மீன் வயிறு மாதிரி வெள்ளை இரும்பு தெரிந்தது. திருகின் மரைப் பள்ளங்களில் நாரை நூலாகத் திரித்து இழுத்தேன். என்னை மாதிரி விளக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று பயந்து கழுவாமல் துணியால் துடைத்து மட்டும் விட்டேன். பள்ளங்களில் புளி தங்கிவிட்டது.

தேய்த்து முடித்ததும் பூசை போட்டார்கள். ஒவ்வொரு ஆணித் தலையிலும் குழைத்த மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். திருகைச் சுற்றி மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டினார்கள். பூசை போட்ட வண்டியைக் கல்யாணக் காரியத்துக்கு இறங்கும் நாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது, துணியை அவிழ்க்கக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். ஆடி முழுக்கச் சாரல். ஈர மஞ்சள், ஈரத் துணி, உள்ளே புளி. அடுத்த வெள்ளிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். “தீட்டாக்கிராத, போடி அங்கிட்டு” என்று பெரியம்மாள் விரட்டினார். திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் எங்கப்பா வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நேராக வண்டியிடம் போய்க் குனிந்தார். எல்லாம் மஞ்சளாக இருந்தது. அவிழ்த்துப் பார்க்க முடியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எண்ணெய் விட்டியா ஆத்தா?”

தலையை ஆட்டினேன். ‘ஆமாம்’ என்று ஆட்டினேன். ஒரு வெள்ளிக்கு விட்டேன் அல்லவா, அது பொய் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சீர்ப் பாத்திரங்களைப் போடிக்கு இறக்க வண்டி பூட்டினார்கள். முதல் பயணம் அதுதான். முன்பலகையில் எங்கப்பாவும் அவர் பக்கத்தில் சின்னச்சாமியும். பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் நான். வாசலில் எங்கப்பா கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். சுற்றியது. நான் மூச்சு விட்டேன்.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவுக்கு அப்பால் பாதை செங்குத்தாக இறங்கும். எங்கப்பா கைப்பிடியைச் சுற்றினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் நின்றுவிட்டது. திருகு கடித்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“சின்ன எசமான், கை குடுங்க! திருகு கடிச்சிருச்சு!”

“கறுப்பு ஆணி கறுப்பு ஆணின்னு குதிச்சியேடா!” சின்னச்சாமியும் பிடித்தான். இரண்டு பேரும் கைப்பிடியில் தொங்கினார்கள். எங்கப்பாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து பிடியோடு ஒட்டியது. காளைகள் காலை ஊன்றிப் பார்த்தன. வண்டியின் பாரம் அவற்றைத் தள்ளிக்கொண்டு போனது. இடப்பக்கத்துக் காளையின் முன்கால் கல் இடுக்கில் மாட்டி ஒடிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. நுகம் சாய்ந்து வண்டி ஒரு பக்கமாகத் தூக்கியது. சின்னச்சாமி எழுந்து குதித்தான். மேட்டுப் பக்கம் குதித்திருந்தால் பிழைத்திருப்பான். பள்ளத்துப் பக்கம் குதித்தான். வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பியது. பின்சக்கரம் அவன் மார்பில் ஏறி இறங்கியது. வண்டி குடைசாய்ந்து நின்றது. அண்டாக்கள் உருண்டன. நான் உண்ணிப் புதரில் போய் விழுந்தேன்.

எழுந்து பார்த்தபோது அவன் வாயில் நுரையும் ரத்தமுமாக வந்துகொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நுரை நின்றுவிட்டது. எங்கப்பா உரிந்த கையால் அவன் கண்ணை மூடினார். பிறகு அரிவாளை எடுத்துப்போய்க் காளையின் கழுத்தை அறுத்தார். அது கத்தின கத்தலை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

சின்னச்சாமியைக் கட்டிலில் போட்டு முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். வெயில் உச்சிக்கு வரவில்லை. எங்கப்பாவைக் காளைக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்கள். வழி முழுக்க அடி. தோட்டத்து ஆட்கள் அடித்தார்கள். நேற்று அவரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள்தான். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அவர் வேட்டி கிழிந்து தொங்கியது. பெரியம்மாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். எங்கப்பாவைக் கண்டதும் பாய்ந்துவந்து முகத்தைப் பிறாண்டினார்.

“எந் தம்பி ஒன்னைய அடிச்சான்ல, அதுக்குத்தானடா வஞ்சம் வச்ச? எந்தக் கையாலடா திருகுன? என்னங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தக் கைய நசுக்குங்க! எங் கண்ணு முன்னால நசுக்குங்க!”

முதலாளி ஜக்கையனைப் பார்த்தார். “திருகக் கழத்திக் கொண்டா.”

ஜக்கையன் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்தார். திருகு வெளுத்துப்போய்க் கிடந்தது. மரைப் பள்ளம் முழுக்கச் செங்கல் பொடி மாதிரித் துரு கெட்டித்திருந்தது. அவர் மூக்கருகில் கொண்டுபோனார். எங்கப்பாவிடம் நீட்டினார். எங்கப்பாவும் முகர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார். பாத்திரம் விளக்குகிறவள் நான். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. அவர் தலையை லேசாக, இல்லை என்பது போல அசைத்தார். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

“கறுப்புத் தோலு உரிஞ்சிருக்கு எசமான். இது யாரோ...” ஜக்கையன் ஆரம்பித்தார்.

“எண்ணெய் விட மறந்துட்டேன் எசமான்” என்று எங்கப்பா குறுக்கே பேசினார். “காய்ச்சல்ல மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு.”

நான்கு பேர் அவரை அமுக்கினார்கள். வலது கையை அடைகல்லில் வைத்தார்கள்.

“ஜக்கையா, அடி.”

“என்னால முடியாது எசமான். வேணும்னா என் கையையும் வச்சு அடிங்க.”

ஜக்கையனை எட்டி மிதித்துவிட்டு முதலாளியே சம்மட்டியைத் தூக்கினார். நான் ‘அப்பா’ என்று கத்த நினைத்தேன். காற்றுதான் வந்தது. சம்மட்டி இறங்கியது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லாமல் போயின. எங்கப்பா கத்தவில்லை. தொண்டைக்குள் காளை மாதிரி ஒரு சத்தம் போட்டார். அடைகல்லில் சிவப்பாக ஏதோ தெறித்து என் பாதத்தில் சூடாக விழுந்தது.

“இன்னும்! இன்னும் நசுக்குங்க!” என்றார் பெரியம்மாள்.

முதலாளி மறுபடியும் ஓங்கினார்.

“புளி” என்றேன்.

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. ஓடிப்போய் அடைகல்லின் மேல், எங்கப்பா கையின் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன்.

“நாந்தான் தேச்சேன். புளி போட்டுத் தேச்சேன். அப்பாவுக்குத் தெரியாது. எண்ணெய் விடவும் விடல.”

“பேச்சி, சும்மா இரு ஆத்தா!” என்று எங்கப்பா என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார், இடது கையால்.

முதலாளியின் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. “நீயா? எதுக்குடி தேச்ச? யாரு சொல்லித் தேச்ச?”

இப்போது நிறுத்தினால் மறுபடியும் அடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பெரியம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தேன். அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

“அம்மாதான் சொன்னாங்க. ‘கல்யாண வண்டியில கறுப்பு இருக்கலாமாடி’ன்னு கேட்டாங்க. புளியை அவங்கதான் கையில குடுத்தாங்க. அடியில இருக்குறதையும் வெளுக்கணும்னாங்க. சின்ன எசமானும் பக்கத்துலதான் நின்னாரு. எண்ணெய் விடப் போனப்ப, தீட்டாக்கிராதன்னு வெரட்டுனாங்க.”

எங்கப்பாவின் கையை அமுக்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். முதலாளி சம்மட்டியை இறக்காமலேயே பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“என்னடி சொல்றா இவ? ஏய், ஒன்னையத்தான். நீயா சொன்ன?”

பெரியம்மாள் முன்னால் வந்தார். ஜக்கையனின் கையிலிருந்த திருகை வாங்கிக்கொண்டார். மரையில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் புளி நார் ஒன்று கிடந்தது. அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“கேக்குறேன்ல, சொல்லுடி!” முதலாளி கத்தினார்.

பெரியம்மாள் திருகை அடைகல்லில், எங்கப்பாவின் நசுங்கின விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். விரித்த தலையை அள்ளி முடிந்துகொள்ளவில்லை. தம்பி கிடந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். அவன் பக்கம் திரும்பவில்லை. தோட்டத்து ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். கேட்டைத் தாண்டி, காலையில் வண்டி இறங்கின அதே பாதையில் அவர் இறங்கினார். முதல் வளைவு வரைக்கும் முதுகு தெரிந்தது.